இரவல் நாக்கு

அந்த ஆஸ்பத்திரிக்கு முதல் தடவை வருகிறவர்கள்கூடக் கான்டீனுக்கு வழி கேட்கமாட்டார்கள். மருந்து நெடி எங்கே ஓய்கிறதோ அங்கேயிருந்து வெங்காயம் வதங்கும் வாசனை கையைப் பிடித்துக்கொள்ளும். நீளத் தாழ்வாரம், சக்கரப் படுக்கைகள் நிறுத்தும் மூலை, துணி வெளுக்கும் அறை எல்லாவற்றையும் தாண்டி நேரே சமையற்கட்டு வாசலில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அந்த வாசனைக்குச் சொந்தக்காரி மாஸ்டரம்மா. வீட்டில் வைத்த பெயர் ஒன்று அவளுக்கு இருந்தது. பழைய மாஸ்டர் வேலையை விட்டுப் போன மறுநாள் அவள் கரண்டியைக் கையில் எடுத்ததிலிருந்து அந்தப் பெயருக்கு வேலையில்லாமல் போய்விட்டது.

ஆள் குள்ளம். அண்டாவுக்குள் எட்டிப் பார்க்க ஒரு மரப்பலகை மேல் ஏறித்தான் நிற்பாள். துடுப்பு மாதிரி நீண்ட கரண்டியை இரண்டு கையாலும் பிடித்து, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து, அடியிலிருந்து பருப்பைப் புரட்டி மேலே கொண்டுவருவதைப் பார்த்தால் படகு தள்ளுகிறாள் என்றே தோன்றும். ஆவி அடித்து நெற்றி முடியெல்லாம் ஒட்டிக்கிடக்கும். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற பழக்கம் மட்டும் அவளுக்குக் கிடையவே கிடையாது. மூக்கை ஆவிக்குள் நீட்டி ஒரு இழு. கண் பாதி மூடும். “இன்னும் அரைக் கை உப்பு” என்பாள். அதற்கப்புறம் அந்த அண்டாவில் யாரும் குறை கண்டதில்லை.

“அப்படி என்னதான் போடுறீங்க மாஸ்டரம்மா? நானும் வீட்ல அதே பருப்பு, அதே பூண்டுதான் போடுறேன். கழுவின தண்ணி மாதிரி வருது” என்று நர்ஸுகள் அங்கலாய்ப்பார்கள்.

“போடுறதுல ஒண்ணும் இல்லம்மா. அது கையில இருக்கணும். சிலருக்கு வரும், சிலருக்கு வராது.”

பெருமைக்காகச் சொன்னதில்லை. அவள் அப்படித்தான் நம்பினாள். உயரம், நிறம் மாதிரி இதுவும் ஒன்று, பிறக்கும்போதே கொடுத்தனுப்புவது என்று.

வராதவர்களுக்கு எடுத்துக்காட்டாக ஓர் ஆள் பக்கத்திலேயே இருந்தாள். தடித்த கண்ணாடி போட்டிருந்ததால் அவளை எல்லாரும் கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள். வேலைக்கு வந்த புதிதில் ஒருநாள் அண்டாவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னபோது, உப்புப் போட்டதை மறந்து இரண்டாவது தடவையும் போட்டுவிட்டாள். “உனக்குக் கை வராது. நீ கத்தியைப் பிடி” என்று மாஸ்டரம்மா சொன்னாள். கோபத்தில் சொன்னதுகூட இல்லை. கண்ணாடியும் சரி என்று கத்தியைப் பிடித்தாள். தன் மகள் படிப்பு முடித்து வேலைக்குப் போகும் வயது வந்தும் அந்தக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. மூட்டை மூட்டையாக வெங்காயம், உருளைக்கிழங்கு, கேரட். ஆவியில் மங்கிய கண்ணாடியை ஏப்ரன் நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி சரக் சரக்கென்று நறுக்குவாள். அடுப்புப் பக்கம் திரும்பவேமாட்டாள்.

அந்த வருஷத்து மழை விடாத மழை. வெளுத்த துணி காயாமல் ஆஸ்பத்திரியே ஈரவாடை அடித்தது. வார்டுகளில் காய்ச்சல்காரர்கள் நிரம்பி வழிந்தார்கள். சமையற்கட்டில் ஒவ்வொருவராகப் படுத்தார்கள். மாஸ்டரம்மாவின் முறையும் வந்தது. உடம்பை அடித்துப் போட்டதுபோல் ஒரு காய்ச்சல். லேத்துப் பட்டறையில் வேலை பார்க்கும் அவள் புருஷன் லீவு போட்டுவிட்டுப் பக்கத்திலேயே இருந்தார். கடையில் ரொட்டி வாங்கிவந்து பாலில் நனைத்துக் கொடுப்பார். அடுப்பில் அவருக்குத் தெரிந்த வேலை பால் காய்ச்சுவதும் டீ போடுவதும்தான், பால்கூடப் பாதி நாள் பொங்கி வழிந்துவிடும்.

காய்ச்சல் விட்ட காலையில் எழுந்து உட்கார்ந்து அவர் போட்டுக் கொடுத்த டீயை ஒரு வாய் குடித்தாள்.

“ஏங்க, டீத்தூள் போட்டீங்களா இல்லையா?”

“போட்டேனே! கறுகறுன்னு இருக்கு பாரு.”

“வெந்நி குடிக்கிற மாதிரி இருக்கு.”

“காய்ச்சல் வாய். ரெண்டு நாள்ல சரியாப் போயிடும்.”

ரெண்டு நாளில் சரியாகவில்லை. குளிக்கப் போனால் சோப்புக்கு மணம் இல்லை. புதுத் துணிக்கு மணம் இல்லை. பூண்டை நசுக்கி மூக்கில் அடைக்காத குறையாக வைத்துப் பார்த்தாள். வெறும் காற்று. உப்பைக் கிள்ளி நாக்கில் வைத்தால் மணல். எலுமிச்சையைக் கடித்தால் பல் மட்டும் கூசியது.

ஆஸ்பத்திரியிலேயே மூக்கு டாக்டரிடம் காட்டினாள். டாக்டர் குழாயை விட்டுப் பார்த்தார், விளக்கை அடித்துப் பார்த்தார். “நரம்பு அடிபட்டிருக்கும்மா. திரும்பி வரலாம். கொஞ்சமா வரலாம். சிலருக்கு வராமலும் போயிருக்கு” என்றார். காலையும் மாலையும் எலுமிச்சைத் தோல், கிராம்பு, காப்பித்தூள் என்று ஒவ்வொன்றாக முகரச் சொன்னார். முகரும்போது அந்த வாசனை எப்படி இருந்தது என்று மனதில் நினைத்துப் பார்க்க வேண்டுமாம். “பழக்கத்தால நரம்பு கத்துக்கும்” என்றார்.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். வெளியே தாழ்வாரத்தில், கான்டீனுக்குக் கூட்டிப்போகும் அந்த வெங்காய வாசனை இல்லை. எதன் பின்னால் போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

யாரிடமும் சொல்லவில்லை. இத்தனை வருஷப் பழக்கம், கை தானாகப் போய்விடும் என்று ஒரு தைரியம். முதல் சில நாட்கள் கை தானாகத்தான் போனது. அப்புறம் ஒரு மத்தியானம், பருப்பு கொதித்துக்கொண்டிருந்தபோது, ரொட்டிக்காரரிடம் கணக்குக் கேட்கக் கொஞ்சம் திரும்பி நின்றாள். தூரத்தில் சாப்பாட்டுக் கூடத்தில் யாரோ, “என்ன தீயுது?” என்றார்கள். பாத்திரம் கழுவுகிறவள் மூக்கைப் பொத்தினாள். கண்ணாடி கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“அக்கா! அடி பிடிச்சிருச்சுக்கா! தெரியல உங்களுக்கு?”

அண்டாவுக்குப் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில் நின்றுகொண்டிருந்தவள் மாஸ்டரம்மாதான். புகையைப் பார்த்த பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது. அவ்வளவு பருப்பும் சாக்கடைக்குப் போயிற்று. காய்ச்சல் அசதி என்று சொல்லிச் சமாளித்தாள். அதே வாரத்தில் சூப்பு உப்புக் கரித்துப் பிரசவ வார்டிலிருந்து அப்படியே திரும்பி வந்தது. மேனேஜர் நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். அண்டா பக்கம் வந்து எதுவும் கேட்காமல், கையைப் பிசைந்துகொண்டு நின்றுவிட்டுப் போனார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

சாயங்காலம் வீட்டுக்குப் போய்க் குடையைக் காய விரித்துவைக்காமல் ஈரத்தோடு மூலையில் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். லேத்துக்காரர் வந்து பார்த்தார். விளக்கைப் போட்டார்.

“நான் வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்.”

“என்ன ஆச்சு?”

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னதையும் அப்போதுதான் சொன்னாள். அவர் துண்டை எடுத்து வந்து அவள் தலையில் போட்டார்.

“இதை ஏன் இத்தனை நாள் உள்ளேயே வச்சிருந்த?”

“என்னன்னு சொல்றது? என்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதான். படிப்பா, பாட்டா, வேற என்ன தெரியும் எனக்கு? கொடுத்தவன் எடுத்துக்கிட்டான். இனிமே நான் யாரு அங்க? பலகை மேல ஏறி நிக்கிற ஒரு பொம்பள, அவ்வளவுதான்.”

அவர் எண்ணெய்க் கறை போகாத விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நான் வேணா சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லட்டுமா?”

அந்த நிலைமையிலும் மாஸ்டரம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நீங்களா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து என்னைக்காவது வாயைத் திறந்து ஒரு குறை சொல்லியிருக்கீங்களா? உப்பே போடாம வச்சாலும் ‘நல்லா இருக்கு’ன்னுட்டுக் கைகழுவப் போற ஆளு.”

“சோதிச்சுப் பாரேன்.”

மூன்று கிண்ணத்தில் பருப்புத் தண்ணி எடுத்து, ஒன்றில் உப்பில்லாமல், ஒன்றில் அளவாக, ஒன்றில் அதிகமாகப் போட்டு முன்னால் வைத்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பரீட்சை எழுதுகிறவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது எப்படி?”

“நல்லா இருக்கு.”

“இது?”

“இதுவும் நல்லா இருக்கு.”

“இதுல உப்பே போடலைங்க!”

அவர் கண்ணைத் திறந்து கிண்ணத்தைப் பார்த்தார். “அப்போ இது கொஞ்சம் கம்மியா நல்லா இருக்கு.”

மாஸ்டரம்மா கிண்ணங்களை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

“இரு இரு, கோச்சுக்காத. உக்காரு. பட்டறையில ஒரு துண்டைக் கடைஞ்சு கையில கொடுத்தா, விரலால தடவியே மேடு எங்க பள்ளம் எங்கன்னு சொல்லிடுவேன். வந்த புதுசுல எனக்கு எல்லாமே வழவழன்னுதான் இருந்துச்சு. தடவித் தடவித்தான் விரலுக்குப் புரிஞ்சுது. நாக்குக்கு நான் ஒரு வேலையும் கொடுத்ததில்ல. நீ போடுற, அது உள்ள தள்ளுது. இனிமே வேலை கொடுத்துப் பார்க்கலாம். எடு, திரும்பவும் கொடு.”

அன்றைக்கு அவர் அந்த மூன்றையும் மாற்றி மாற்றிக் குடித்தார். முதலில் எல்லாம் ஒன்றாகவே இருந்தது. பிறகு மெல்ல ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“இது வாயில நிக்க மாட்டேங்குது. லூஸா இருக்கு.”

“லூஸா?”

“ஆமா, மரை சரியா ஏறாத நட்டு மாதிரி. உள்ள போகுது, பிடிக்கல.”

அது உப்பில்லாத கிண்ணம். அடுத்ததைக் குடித்தார். “இது கரெக்டா உக்காருது.” மூன்றாவதைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “இதை ரொம்ப முறுக்கிட்ட. மரை கழண்டுடும்.”

மறுநாள் அவள் சில நாளைக்கு லீவு சொல்லிவிட்டாள். அந்த வீட்டுச் சமையல் அன்றிலிருந்து பட்டறைப் பாஷைக்கு மாறியது. காலையில் ஒரு குழம்பு, சாயங்காலம் ஒரு சூப்பு. அவள் அதுவரை எதையும் அளந்து போட்டதில்லை, இப்போது கரண்டியால் அளந்தாள். பூண்டு பச்சை வாடை போகாமல் இருந்தால் அவர் “பிசிர் இருக்கு” என்பார். எலுமிச்சை அதிகமானால் “ஓரம் வெட்டுது.” எண்ணெய் கூடினால் “கிரீஸ் ஜாஸ்தி.” அவள் அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டு, கண்ணால் கடாயைப் பார்ப்பாள், காதால் கேட்பாள். வெங்காயம் ஈரமாக இருக்கும்போது சடசடக்கும், வதங்க வதங்கச் சத்தம் அடங்கி முணுமுணுக்கும், சிவக்கத் தொடங்கும்போது அந்த முணுமுணுப்பும் மாறும். பருப்பு அடி பிடிக்கும் முன் கொப்புளங்கள் சின்னதாகாமல் பெரிது பெரிதாகத் தடித்து வெடிக்கும். இதெல்லாம் இத்தனை வருஷமும் அவள் முன்னால் நடந்துகொண்டுதான் இருந்தது. மூக்கு இருந்த திமிரில் காதைக் கூப்பிட்டதே இல்லை.

எல்லாம் சரியாக வந்துவிடவில்லை. ஒருநாள் அவர், “இன்னைக்கு என்னன்னு சொல்லத் தெரியல, ஆனா ஏதோ சரியில்ல” என்றார். அன்றைக்குப் பூராவும் தேடி, கடைசியில் பால் திரிந்திருந்தது தெரிந்தது. ஒருநாள் குழம்பை அப்படியே கொட்டினார்கள். “போகட்டும். பட்டறையில கெட்டுப்போன துண்டையெல்லாம் மூலையில போட்டா அது மலை மாதிரி இருக்கும்” என்றார் அவர்.

ஆனால் லேத்துக்காரரைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக்குப் போக முடியாது. அவள் லீவு முடிந்து வேலைக்குப் போகும் நாளும் நெருங்கிவிட்டது. யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். யாரிடம் என்று யோசித்தபோது, பருப்பு தீய்ந்த அன்று கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்த முகம்தான் முன்னால் வந்தது.

மழை வெறித்திருந்த ஒரு காலை. கண்ணாடி வெங்காயத்தைப் பாதி பாதியாகப் பிளந்துகொண்டிருந்தாள். மாஸ்டரம்மா ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு கத்தியை எடுத்தாள். கண்ணாடி திகைத்துப் பார்த்தாள்.

“என்னக்கா, இதையெல்லாம் நீங்க...”

“எனக்கு மூக்கு போயிடுச்சு.”

“என்னது?”

“வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. காய்ச்சலுக்கு அப்புறம். அதான் அன்னைக்குப் பருப்பு தீஞ்சுது, சூப்பு கரிச்சுது.”

கண்ணாடியின் கை நின்றது. வெங்காயத்தாலோ என்னவோ கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“ஐயோ, என்னக்கா சொல்றீங்க.”

“நீதான் சாப்பிட்டுப் பார்த்துச் சொல்லணும். ஒவ்வொரு அண்டாவும்.”

“நானா? எனக்குத்தான் கை வராதேக்கா. நீங்கதானே சொன்னீங்க.”

அதில் குத்தலே இல்லை. யாரோ வானிலையைச் சொல்வதுபோல் சொன்னாள். அதுதான் மாஸ்டரம்மாவைச் சுருக்கென்று தைத்தது. ஒரு நாள் போட்ட ஒரு பிடி உப்புக்கு, ஒரு ஆளை இத்தனை வருஷம் அடுப்புக்கு முதுகு காட்டி உட்கார வைத்திருக்கிறோம்!

“சொன்னேன். சொன்னது தப்பு. உனக்குக் கை வரலைன்னு எனக்கெப்படித் தெரியும்? நான்தான் வர விடவே இல்லையே. சரி, கையை விடு. கை என்கிட்ட இருக்கு. நாக்கைத்தான் இரவல் கேக்குறேன்.”

கண்ணாடி நறுக்கிய வெங்காயத்தை விரலால் ஒதுக்கிச் சேர்த்தாள். “தப்பாச் சொல்லிட்டேன்னா?” என்றாள்.

“ரெண்டு பேரும் சேர்ந்து திட்டு வாங்குவோம்.”

மேனேஜரிடமும் போய்ச் சொன்னார்கள். அவர் முகம் வெளுத்துவிட்டது. “நோயாளிங்க சாப்பிடுற இடம்மா இது” என்றார்.

“அதான் சார் மறைக்காம வந்து சொல்றேன். இனிமே எந்த அண்டாவும் ஒருத்தர் மூக்கை நம்பி வெளியே போகாது. கண்ணாடி பார்ப்பா, பாத்திரம் கழுவுற பொண்ணும் ஒரு வாய் பார்ப்பா. ரெண்டு பேரும் சரின்னாத்தான் இறக்குவேன். அடுப்பு பக்கம் ஆள் இல்லாம ஒரு நிமிஷமும் விடமாட்டேன். பார்த்துட்டு, சரியா வரலைன்னா நானே போயிடுறேன்.”

அவர் கையைப் பிசைந்தார். “சரி, பார்ப்போம்” என்றார். பயந்த மனிதரிடமிருந்து வந்ததால் அந்தச் சொல்லுக்கு இன்னும் மதிப்பு அதிகம் என்று அவளுக்குப் பட்டது.

கண்ணாடியின் நாக்கு முதலில் பயத்தில் மரத்துப்போயிருந்தது. கரண்டியை நீட்டினால் மாஸ்டரம்மாவின் முகத்தைப் பார்த்துப் பதில் தேடினாள். “என் மூஞ்சியில என்ன இருக்கு? உப்பு அங்க இருக்கு” என்று மாஸ்டரம்மா ஒரு தடவை கத்தியேவிட்டாள். முதல் வாரம் சோறும் சூப்பும் சப்பென்று போயிற்று. போதும் போதும் என்று சொல்லிச் சொல்லி உப்பைக் குறைத்துவிட்டிருந்தாள் கண்ணாடி, பழைய பயம். சாப்பாட்டுக் கூடத்தில் முணுமுணுத்தார்கள். டாக்டர்கள் மேஜையில் உப்பு டப்பா கைமாறியது.

“இன்னும் கொஞ்சம் தைரியமா சொல்லு. கூடிப் போனா தண்ணி ஊத்திக்கலாம், உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டுக்கலாம். அதுக்கெல்லாம் வழி இருக்கு.”

“உங்களுக்குத் தெரியும்க்கா வழி.”

“அதான் சொல்றேன். நீயும் பாரு.”

அப்படித்தான், சொல்லிக்கொடுத்தெல்லாம் வராது என்று இருந்தவளின் வாயிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. எப்போது பூண்டு, எப்போது மிளகு, எந்தச் சத்தத்தில் தண்ணீர், எந்தக் கொப்புளத்தில் தணலைக் குறைப்பது. சொல்லச் சொல்லத்தான் அவளுக்கே தெரிந்தது, அது பிறக்கும்போது கொடுத்தனுப்பியது இல்லை என்று. பழைய மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்தது, கெடுத்தது, கொட்டியது, பசியோடு வருகிறவர்களின் முகத்தைப் பார்த்துத் திருத்தியது, எல்லாம் எப்போதோ சேர்ந்து கைக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, வந்த வழியை மறந்துவிட்டிருந்தது.

மழைக்காலம் முடிந்து நல்ல குளிர் அடித்த நாட்களில் ஒருநாள், மாஸ்டரம்மாவுக்கு முழங்கால் வலி. முக்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பலகை மேல் கண்ணாடி ஏறினாள். அவள் உயரத்துக்குப் பலகை தேவையே இல்லை, இருந்தாலும் ஏறினாள். சூப்பு அவளே வைத்தாள். பாத்திரம் கழுவுகிறவள் ஒரு வாய் பார்த்துவிட்டு, “யக்கா, இது உங்க சூப்பு மாதிரி இல்ல” என்றாள் மாஸ்டரம்மாவிடம். கண்ணாடிக்கு முகம் செத்துவிட்டது. “வேற மாதிரி. மிளகு தூக்கலா, இந்தக் குளிருக்கு இதமா இருக்கு. இன்னொரு கரண்டி ஊத்து” என்றாள் அந்தப் பெண். கண்ணாடி ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மாஸ்டரம்மாவுக்கு அந்தச் சூப்பின் ருசி தெரியாது. கிண்ணத்தின் சூடு மட்டும் கையில் தெரிந்தது. அது போதுமாக இருந்தது.

அந்தக் குளிர் நாட்களில்தான் மேல்மாடி வார்டிலிருந்து புகார் வந்தது. கடுமையான மருந்து ஏறிக்கொண்டிருந்த நோயாளிகள் அங்கே. தட்டுகள் தொட்டது தொடாததுமாகத் திரும்பி வந்தன. நோயாளிகளுக்கு என்ன கொடுக்கலாம் என்று எழுதித் தரும் உணவு டாக்டரம்மா கீழே வந்து, “சமையல்ல குறை இல்லைம்மா. அவங்களால சாப்பிட முடியல. சாப்பிடாம இருந்தா மருந்து தாங்காது. என்ன பண்றதுன்னு தெரியல” என்றார்.

“நான் மேல வந்து பார்க்கலாமா?”

டாக்டரம்மாவே கூட்டிப் போனார். ஜன்னலோரப் படுக்கையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர், தலையில் துணி கட்டியிருந்தார். பக்கத்தில் அவர் புருஷன் கரண்டியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சிக்கொண்டிருந்தார். டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்ன டீச்சர், சாப்பாடு பிடிக்கலையா?” என்றாள் மாஸ்டரம்மா.

“நீங்கதானா சமைக்கிறீங்க? உங்களைக் குத்தம் சொல்லல. என்ன போட்டாலும் ஈர அட்டையை மெல்ற மாதிரி இருக்கு. இவருக்குப் புரியல. ஒரு வாய், ஒரு வாய்ங்கிறார்.”

“எனக்கும் அப்படித்தான்.”

“எது?”

“காய்ச்சல்ல எல்லாம் போயிடுச்சு. இந்த மழைக்காலத்துலேர்ந்து எனக்கு வெல்லமும் ஒண்ணு, உப்பும் ஒண்ணு.”

டீச்சர் முதல் தடவையாக அவளைத் திரும்பிப் பார்த்தார். “அப்போ எப்படிச் சமைக்கிறீங்க?”

“அடுத்தவங்க நாக்கை வாங்கித்தான்.”

“எப்படிச் சாப்பிடுறீங்க? அதைச் சொல்லுங்க.”

மாஸ்டரம்மா படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். இதை இதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. “முதல்ல நானும் எதுவும் சாப்பிடல. அப்புறம் ருசியைத் தேடுறதை விட்டேன். சில்லுன்னு இருக்கிறது தெரியும், சூடு தெரியும். கடிச்சா நொறுங்குறது தெரியும். வழுக்கிட்டுப் போறது தெரியும். கொழகொழன்னு ஒரே மாதிரி இருந்தாத்தான் குமட்டும். கலந்து கட்டிக் கொடுத்தா வாய்க்கு ஏதோ வேலை கிடைக்கும்.”

“நீங்க சொல்றது சரி. இந்தக் கொழகொழதான் ஆகல எனக்கு.”

“வாயில புண்ணு இருக்கா?”

“இப்ப இல்ல.”

உணவு டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, புண் இருப்பவர்களுக்கு ஒன்று, இல்லாதவர்களுக்கு ஒன்று என்று பிரித்தாள். கீழே வந்து கண்ணாடியும் அவளும் உட்கார்ந்து யோசித்தார்கள். மெல்லிசாகச் சீவி மொறுமொறுவென்று சுட்ட ரொட்டி. அதன்மேல் ஐஸ்பெட்டியில் குளிர வைத்த தயிர். கொதிக்க வைத்துக் குளிர்ந்த நீரில் போட்ட கேரட், பல்லில் நறுக்கென்று. மசித்த பருப்பைச் சின்னக் கிண்ணத்தில் தனியாக, சூடாக. புண் உள்ளவர்களுக்கு வழவழவென்று குளிர்ந்த பழக்கூழ். கண்ணாடி உப்பைப் பார்த்தாள். மாஸ்டரம்மா ஒவ்வொன்றையும் மென்று பார்த்தாள். “இது நொறுங்கல, திரும்பவும் அடுப்புல வை” என்றாள். இந்தச் சமையலில் நாக்கு உள்ளவளுக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்தது.

எல்லாத் தட்டும் காலியாகிவிடவில்லை. சிலர் அன்றும் தொடவேயில்லை. டீச்சரின் தட்டில் ரொட்டி முழுக்கத் தீர்ந்திருந்தது, பருப்பு பாதி இருந்தது. அவர் புருஷன் அந்தத் தட்டைத் தானே கீழே எடுத்துவந்தார். சமையற்கட்டு வாசலில் நின்று, யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல், மாஸ்டரம்மாவிடம் நீட்டினார்.

“சத்தம் கேட்டுச்சும்மா” என்றார்.

“என்ன சத்தம்?”

“அவ கடிக்கிற சத்தம். ரொம்ப நாளாச்சு அதைக் கேட்டு.” கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

மாஸ்டரம்மா தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். அன்றைக்கு அவள் நன்றி சொல்ல வேண்டியவர்கள் வரிசையாக நினைவுக்கு வந்தார்கள். கண்ணாடி, பாத்திரம் கழுவுகிறவள், பயந்துகொண்டே ‘பார்ப்போம்’ என்ற மேனேஜர், நட்டும் மரையுமாகப் பேசிய புருஷன். முன்பெல்லாம் அவள் யாரையும் எதுவும் கேட்டதில்லை. இப்போது விடிந்தால் கேட்பதே வேலையாக இருந்தது. அது குறைவாகத் தோன்றவில்லை. வீட்டில் ஆள் கூடிவிட்டதுபோல் இருந்தது.

மூக்கு முழுக்கத் திரும்பவில்லை. எப்போதாவது காலையில் எலுமிச்சைத் தோலை முகரும்போது, மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ நடமாடுவதுபோல் ஏதோ ஒன்று இருக்கும், உடனே போய்விடும். அவள் விடாமல் முகர்ந்துகொண்டிருந்தாள்.

ஒரு விடுமுறை நாள் காலையில் அவள் எழுந்தபோது அடுப்படியில் சத்தம் கேட்டது. லேத்துக்காரர் கடாய் முன்னால் நின்றிருந்தார். மேடையெல்லாம் முட்டை ஓடு.

“என்னங்க பண்றீங்க?”

“நீ போய் உக்காரு. நான் கொண்டுவரேன்.”

தட்டில் ஒரு முட்டை வந்தது. ஓரமெல்லாம் கருகி, நடுவில் மஞ்சள் உடைந்து, வரைபடத்தில் ஏதோ ஒரு நாடு மாதிரி. அவர் கையைக் கட்டிக்கொண்டு, மேஸ்திரி வேலையைப் பார்க்க வந்த நேரத்தில் நிற்பதுபோல் எதிரில் நின்றார். அவள் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றாள். நிறைய நேரம் மெல்ல வேண்டியிருந்தது.

“சொல்லு.”

“ரப்பர் வாஷர் மாதிரி இருக்குங்க.”

அவர் முகம் ஒரு நொடி விழுந்தது. பிறகு உரக்கச் சிரித்தார். “எங்க தப்பு? தீ ஜாஸ்தியா, நேரம் ஜாஸ்தியா?”

“ரெண்டும். தண்ணி மாதிரி இருக்கிறது வெள்ளையா மாறினதும் தணலைக் குறைக்கணும். சத்தம் அடங்குறப்போ எடுத்துடணும். காதைக் கொடுத்துக் கேளுங்க.”

அவள் அந்த முட்டையை ஒரு துண்டு விடாமல், கருகிய ஓரத்தோடு சாப்பிட்டாள். கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அவளுக்காக வேறொருவர் அடுப்பில் நின்று சமைத்துத் தட்டில் போட்டு அவள் சாப்பிடுவது இதுதான் முதல் தடவை. வயிற்றில் மெல்ல ஒரு சூடு பரவியது.

அடுப்படியில் லேத்துக்காரர் கடாயைச் சுரண்டிக் கழுவி, மறுபடி அடுப்பில் வைத்தார். தீயைக் குனிந்து பார்த்துக் குறைத்தார். இன்னொரு முட்டையை எடுத்துக் கடாய் ஓரத்தில் தட்டினார்.

“இப்போ பேசாத. சத்தம் கேக்கணும்” என்றார்.